சுவரோரத்துத் தனிமேசை: ஹாட்டி மெக்டேனியலின் வாழ்வும் ஆஸ்கர் விருதும்

1940 பிப்ரவரி 29 அன்று இரவு, லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் அம்பாசடர் விடுதியில் பன்னிரண்டாம் ஆஸ்கர் விருது விழா நடைபெற்றது. அவ்வாண்டு விருதுகளை வாரிக் குவித்த திரைப்படம் 'கான் வித் த விண்ட்'. அதன் தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக்கும் வெள்ளையின நடிகர்களும் அரங்கின் நடுவே அமர்ந்திருந்தனர். அதே படத்தில் நடித்து, சிறந்த துணை நடிகைக்கான விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டிருந்த ஹாட்டி மெக்டேனியலுக்கு அவர்களோடு அமர இடமில்லை. அரங்கின் ஓரத்தில், சுவரை ஒட்டிப் போடப்பட்ட சிறிய மேசையில், தம்முடன் வந்த நண்பரோடும் தம் முகவரோடும் அவர் அமர்ந்திருந்தார். கறுப்பின மக்களை உள்ளே விடுவதில்லை என்பது அவ்விடுதியின் விதி. செல்ஸ்னிக் தனியே வேண்டுகோள் விடுத்து இசைவு பெற்ற பின்னரே அவரால் விழாவுக்குள் நுழைய முடிந்தது.

சிறிது நேரத்தில் அவர் பெயர் அறிவிக்கப்பட்டது. ஆஸ்கர் விருதைப் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர் என்று வரலாறு அவரைப் பதிவுசெய்தது. கூந்தலில் வெண்ணிறக் கார்டீனியா மலர்களைச் சூடியிருந்த அவர், மேடையேறி விருதைப் பெற்று நன்றி கூறினார். தம் இனத்துக்கும் திரைத்துறைக்கும் என்றும் பெருமை சேர்ப்பவராக இருக்க விரும்புவதாகச் சொல்லி, கண்கலங்கியபடி மேடையிலிருந்து இறங்கினார். பின்னர் அந்தத் தனிமேசைக்கே திரும்பிச் சென்றார்.

ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த ஒருவரை ஆதிக்கச் சமூகம் பாராட்டும்போது, அந்தப் பாராட்டு எதை மாற்றுகிறது, எதை மாற்றாமல் விடுகிறது என்பதை ஆராய்வதற்கு இவருடைய வாழ்வைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

விடுதலை பெற்றோரின் மகள்

ஹாட்டி மெக்டேனியல் 1893 ஜூன் 10 அன்று கன்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில் பிறந்தார். பதின்மூன்று குழந்தைகளில் இளையவர். தந்தை ஹென்றி, தாய் சூசன் இருவருமே அடிமைகளாகப் பிறந்தவர்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கறுப்பினப் படைப்பிரிவு ஒன்றில் சேர்ந்து அடிமைமுறைக்கு எதிராகப் போரிட்டவர் ஹென்றி. போரில் அடைந்த காயங்கள் அவரை வாழ்நாள் முழுதும் வருத்தின. அந்தக் காயங்களுக்கான ஓய்வூதியத்தைக் கேட்டு அவர் ஆண்டுக்கணக்கில் அரசுக்கு மனு எழுத வேண்டியிருந்தது. எந்த அரசைக் காக்கப் போரிட்டாரோ அந்த அரசிடமே தம் காயத்தை மெய்ப்பிக்கப் போராடிய தந்தையின் வறுமை அக்குடும்பத்தின் அன்றாட உண்மையாயிற்று. தாய் சூசன் தேவாலயத்தில் பாடுபவர். இசை அவ்வீட்டுக்கு அவரால் வந்தது.

குடும்பம் பின்னர் கொலராடோ மாநிலத்துக்கு இடம்பெயர்ந்தது. டென்வர் நகரின் உயர்நிலைப் பள்ளியில் பயின்ற ஹாட்டி, 1910ஆம் ஆண்டு, மதுவிலக்குக்காகப் பாடுபட்ட கிறித்தவப் பெண்கள் சங்கம் நடத்திய கவிதை ஒப்புவித்தல் போட்டியில் பதக்கம் வென்றார். அதன் பின் படிப்பைத் துறந்து, உடன்பிறந்தோர் நடத்திய கலைக்குழுவில் இணைந்தார்.

அக்காலத்து மேடைக் கலையின் தன்மையை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களை மூடர்களாகவும் சோம்பேறிகளாகவும் நடித்துக் காட்டும் 'மின்ஸ்ட்ரல்' நிகழ்ச்சிகள் நாடெங்கும் செல்வாக்குடன் இருந்தன. கறுப்பினக் கலைஞர்கள் பிழைக்க வேண்டுமெனில் அதே அச்சுக்குள்தான் நுழைய வேண்டும். ஹாட்டியும் அவருடைய சகோதரி எட்டாவும் 1914இல் பெண்கள் மட்டுமே கொண்ட குழு ஒன்றைத் தொடங்கினர். வெள்ளையர் கற்பனையில் உருவான பணிப்பெண் பாத்திரத்தை அம்மேடையில் ஹாட்டி எள்ளலுக்கு உள்ளாக்கினார். பிற்காலத்தில் திரையில் அவர் ஏற்ற பணிப்பெண்களிடம் காணப்படும் கூர்மையான நாவும் பணியாத பார்வையும் அந்த மேடையில் முளைத்தவை.

1920களில் ஜார்ஜ் மாரிசனின் இசைக்குழுவுடன் பயணம் செய்தார்; டென்வர் வானொலியில் பாடினார்; சிகாகோவில் தம் பாடல்களை இசைத்தட்டுகளில் பதிவுசெய்தார். 1929இல் பங்குச்சந்தை வீழ்ந்து நாட்டின் பொருளாதாரம் சரிந்தபோது, மேடைக் கலைஞர்களின் வாழ்வும் சரிந்தது. மில்வாக்கி நகருக்கு அருகிலிருந்த கேளிக்கை விடுதி ஒன்றில் பெண்கள் கழிவறையைக் கவனித்துக்கொள்ளும் வேலை மட்டுமே அவருக்குக் கிடைத்தது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் மேடை அனுபவம் கொண்ட கலைஞர், விருந்தினர்களுக்குக் கைத்துண்டு நீட்டி நின்றார். ஒருநாள் பாட வாய்ப்புக் கிடைத்தது. அதன் பின் அவ்விடுதியின் நிலையான பாடகராக உயர்ந்தார்.

பணிப்பெண்ணும் பணிப்பெண் வேடமும்

1931இல் ஹாட்டி லாஸ் ஏஞ்சலிஸ் வந்தார். அவருடைய சகோதரர் சாம் பங்கேற்ற வானொலி நிகழ்ச்சியில் அதிகாரம் செய்யும் பணிப்பெண்ணாகப் பேசிப் புகழ் பெற்றார். ஆனால் வானொலி தந்த ஊதியம் வயிற்றுக்குப் போதவில்லை. ஆகவே வானொலியில் பணிப்பெண்ணாக நடித்துக்கொண்டே, வெள்ளையர் வீடுகளில் உண்மையான பணிப்பெண்ணாகவும் வேலை செய்தார்.

திரைப்படங்களிலும் அதே வேடம்தான் காத்திருந்தது. தொடக்கத்தில் பல படங்களில் அவர் பெயர்கூட இடம்பெறவில்லை. 1934இல் ஜான் ஃபோர்டு இயக்கிய 'ஜட்ஜ் ப்ரீஸ்ட்', 1935இல் 'ஆலிஸ் ஆடம்ஸ்', 1936இல் 'ஷோ போட்' ஆகியவை அவரை அடையாளம் காட்டின. சமையற்காரி, செவிலி, துணி துவைப்பவர் என்று பாத்திரத்தின் பெயர் மாறினாலும் இடம் மாறவில்லை. கறுப்பினப் பெண்ணுக்குக் காதலோ குடும்பமோ துயரமோ இருப்பதாக ஹாலிவுட் கருதவில்லை. வெள்ளையர் வீட்டின் இன்பதுன்பங்களுக்குத் துணைநிற்பதே அவளுடைய வாழ்வு என்று திரை மீண்டும் மீண்டும் சொன்னது.

விருது தந்த படமும் விலக்கி வைத்த ஊரும்

மார்கரெட் மிட்செல் எழுதி 1936இல் வெளிவந்த புதினத்தைத் தழுவியது 'கான் வித் த விண்ட்'. அடிமைமுறையில் திளைத்த அமெரிக்கத் தெற்கு மாநிலங்களின் வாழ்வை இழந்துபோன பொற்காலமாகக் காட்டும் கதை அது. வெள்ளையினக் கதாநாயகியை வளர்த்து ஆளாக்கி, அடிமைமுறை ஒழிந்த பின்னரும் அவளைவிட்டு நீங்காத 'மேமி' என்னும் தாதியாக ஹாட்டி நடித்தார். இப்படம் உருவாகும்போதே கறுப்பின அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. அதன் விளைவாக, கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் வசைச்சொல் உரையாடலிலிருந்து நீக்கப்பட்டது. படத்தின் அடிப்படைப் பார்வை மட்டும் நீங்கவில்லை.

1939 டிசம்பர் 15 அன்று ஜார்ஜியா மாநிலத் தலைநகர் அட்லாண்டாவில் படத்தின் முதல் காட்சி கோலாகலமாக நடைபெற்றது. நிறஒதுக்கலைச் சட்டமாகக் கொண்டிருந்த அம்மாநிலத்தில், படத்தில் நடித்த கறுப்பினக் கலைஞர் எவரும் அக்காட்சிக்கு வர இயலவில்லை. தெற்கு மாநிலங்களுக்கென அச்சிடப்பட்ட நிகழ்ச்சி மலரிலிருந்து ஹாட்டியின் படமும் அகற்றப்பட்டது. அடிமைமுறையை நியாயப்படுத்தும் கதைக்கு உயிரூட்ட அவருடைய உழைப்புத் தேவைப்பட்டது; அக்கதையைக் கொண்டாடும் அரங்கில் அவருடைய உடல் தேவைப்படவில்லை.

இரண்டரை மாதங்கள் கழித்து வந்ததுதான் அம்பாசடர் விடுதியின் விருது இரவு. அப்போது துணை நடிகர்களுக்கு முழு உருவச் சிலை வழங்கப்படுவதில்லை. சிறிய உருவம் பொறிக்கப்பட்ட ஒரு பலகையே ஹாட்டியின் கைக்கு வந்தது. அதே படத்துக்காக அதே பிரிவில் பரிந்துரைக்கப்பட்டிருந்த வெள்ளையின நடிகை ஒலிவியா டி ஹாவிலண்ட்டை அவர் வென்றிருந்தார். நடிப்பின் தரத்தை ஏற்றுக்கொண்ட விருதுக் கழகம், விடுதியின் விதியைக் கேள்வி கேட்கவில்லை. விழாவை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும் என்ற எண்ணமும் அதற்குத் தோன்றவில்லை. விதிக்கு ஒருநாள் விலக்குப் பெற்றால் போதும் என்று கருதியது. கலிபோர்னியாவின் வணிக நிறுவனங்களில் நிறப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் வர 1959ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

விருது பெற்ற நடிகருக்குப் புதிய வாய்ப்புகள் வரும் என்பது திரைத்துறையின் பொது வழக்கம். ஹாட்டிக்கு வந்தவை மீண்டும் பணிப்பெண் வேடங்களே. விருது அவருடைய ஊதியத்தை ஓரளவு உயர்த்தியது. சமையலறைக் கதவைத் திறக்கவில்லை.

சொந்த மக்களின் விமர்சனம்

வெள்ளையரின் ஒதுக்கல் ஒருபுறமிருக்க, கறுப்பின இயக்கத்தின் கண்டனமும் ஹாட்டியை நோக்கி வந்தது. நிறத்தவர் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் செயலாளர் வால்டர் ஒயிட், 1942இல் ஹாலிவுட் சென்று படநிறுவனத் தலைவர்களைச் சந்தித்தார். கறுப்பின மக்களைப் பணியாளர்களாகவும் கோமாளிகளாகவும் காட்டும் வழக்கத்தைக் கைவிட வேண்டும் என்று வலியுறுத்தினார். அக்கோரிக்கையின் நியாயத்தை மறுக்க முடியாது. திரையில் காணும் பிம்பம், தெருவில் நடத்தப்படும் விதத்தைத் தீர்மானிக்கிறது என்பதை அவ்வமைப்பு நன்கு உணர்ந்திருந்தது.

ஆயினும் அப்பேச்சுவார்த்தையில் கறுப்பின நடிகர்களின் குரலுக்கு இடம் அளிக்கப்படவில்லை என்பது ஹாட்டி போன்றோரின் மனக்குறை. பணிப்பெண் வேடங்கள் ஒழிந்தால், அவற்றையே நம்பி வாழும் நடிகர்களுக்கு எந்த வேடம் கிடைக்கும் என்ற கேள்விக்கு விடையில்லை. பணிப்பெண்ணாக வேலை செய்து பெறும் கூலியைவிடப் பணிப்பெண்ணாக நடித்துப் பெறும் ஊதியம் பன்மடங்கு என்பதை, இரண்டையும் செய்தவர் என்ற முறையில் ஹாட்டி வெளிப்படையாகவே சுட்டிக்காட்டினார். வீட்டுவேலை செய்யும் பெண்ணைச் சித்திரிப்பதே இழிவு என்று படித்த தலைமை பேசும்போது, அவ்வேலையால் குடும்பத்தைக் காத்த இலட்சக்கணக்கான பெண்களையும் அது இழிவுபடுத்துகிறதா என்ற ஐயம் அவருக்கு இருந்தது.

இவ்விவாதத்தில் எவர் பக்கம் முழு நியாயம் இருந்தது என்று தீர்ப்பளிப்பது எளிதன்று. இழிவான சித்திரிப்பை எதிர்ப்பது இயக்கத்தின் கடமை. அச்சித்திரிப்பை எழுதிய கை எது, நடித்த உடல் எது என்று பிரித்தறிவதும் அதே கடமையின் பகுதி. கதை எழுதியவர்களும் தயாரித்தவர்களும் இலாபம் ஈட்டியவர்களும் வெள்ளையர்களாக இருக்க, பழியின் பெரும்பகுதி ஒரு கறுப்பினப் பெண்ணின் தோளில் விழுந்தது. புதிய தலைமுறையின் அடையாளமாக முன்னிறுத்தப்பட்ட லீனா ஹார்ன் ஹாலிவுட் வந்தபோது, அவரைத் தம் வீட்டுக்கு அழைத்து ஆறுதலும் ஊக்கமும் தந்தவர்களில் ஹாட்டியும் ஒருவர். தம்மைப் பின்னுக்குத் தள்ள வந்தவராக அவரைக் கருதாத பெருந்தன்மை அவரிடம் இருந்தது.

வீட்டுக்காக ஒரு வழக்கு

விருது விழாவை அறிந்த பலரும் அறியாத ஒரு வெற்றி அவருடைய வாழ்வில் உண்டு. லாஸ் ஏஞ்சலிஸின் வெஸ்ட் ஆடம்ஸ் பகுதியில், பின்னாளில் சுகர் ஹில் என்று அழைக்கப்பட்ட குன்றின்மீது, செல்வந்தர்களின் பெரிய இல்லங்கள் இருந்தன. பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் வெள்ளையர் சிலர் தம் வீடுகளை விற்கத் தொடங்கியபோது, வசதி பெற்ற கறுப்பினக் குடும்பங்கள் அவற்றை வாங்கின. ஹாட்டியும் அங்கே ஓர் இல்லம் வாங்கிக் குடியேறினார். நடிகைகள் லூயிஸ் பீவர்ஸ், எத்தல் வாட்டர்ஸ் ஆகியோரும் அப்பகுதியில் வாழ்ந்தனர்.

அவ்வீடுகளின் பத்திரங்களில், வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கவோ குடியிருக்க விடவோ கூடாது என்ற ஒப்பந்த விதி எழுதப்பட்டிருந்தது. அமெரிக்க நகரங்கள் பலவற்றில் சேரியையும் ஊரையும் பிரித்து நிறுத்திய கருவி இதுவே. அரசு சட்டம் இயற்றாமலேயே, தனியார் பத்திரத்தின் ஒரு வரி, தலைமுறை தலைமுறையாகக் கறுப்பின மக்களை நெருக்கடியான பகுதிகளுக்குள் அடைத்து வைத்தது. அவ்விதியைக் காட்டி, கறுப்பினக் குடும்பங்களை வெளியேற்றக் கோரி, வெள்ளையின வீட்டு உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தனர்.

ஹாட்டி அஞ்சி விலகவில்லை. அண்டை வீட்டாரைத் தம் இல்லத்தில் கூட்டி, எதிர்வழக்காட ஒருங்கிணைத்தார். கறுப்பின வழக்கறிஞர் லோரன் மில்லர் அவர்களுக்காக வாதாடினார். 1945 டிசம்பரில் நீதிபதி தர்மண்டு கிளார்க் வெள்ளையர்களின் வழக்கைத் தள்ளுபடி செய்தார். சட்டத்தின்முன் அனைவருக்கும் சமமான பாதுகாப்பை உறுதிசெய்யும், அமெரிக்க அரசமைப்பின் 14ஆம் திருத்தத்தை அவர் அடிப்படையாகக் கொண்டார். 1948இல் 'ஷெல்லி எதிர் கிரேமர்' தீர்ப்பின் வழியே, இத்தகைய ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அறிவித்தது. அதனோடு இணைத்து விசாரிக்கப்பட்ட வழக்கில் வாதாடியவர்களுள் லோரன் மில்லரும் ஒருவர்.

அம்பாசடர் விடுதியில் ஹாட்டி பெற்றது ஒருநாள் விலக்கு. விலக்கை ஆதிக்கத்தில் இருப்போர் கருணையாக வழங்குகிறார்கள். அடுத்த நாள் திரும்பப் பெற்றுக்கொள்கிறார்கள். சுகர் ஹில் வழக்கில் அவரும் அண்டை வீட்டாரும் விதியையே வீழ்த்தினர். அதன் பயன் அவர்களைத் தாண்டி, முகம் அறியாத மக்களுக்கும் சென்றது.

வானொலி, தொலைக்காட்சி, இறுதி நாள்கள்

1947 நவம்பரில் 'பியூலா' என்னும் வானொலித் தொடரின் முதன்மைப் பாத்திரத்தை ஹாட்டி ஏற்றார். அதுவும் பணிப்பெண் பாத்திரமே. அதற்கு முன் அப்பாத்திரத்துக்குக் குரல் கொடுத்தவர்கள் வெள்ளையின ஆண்கள் என்பது அக்கால வானொலியின் நிலையைக் காட்டும். கறுப்பின மக்களைக் கேலி செய்யும் கொச்சை வழக்கில் பேச மாட்டேன் என்ற நிபந்தனையுடன்தான் ஹாட்டி ஒப்புக்கொண்டார். அதே தொடர் 1950இல் தொலைக்காட்சிக்கு வந்தது. கறுப்பினத்தவர் ஒருவரை முதன்மைப் பாத்திரமாகக் கொண்ட தொடக்ககால அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர் அது. எத்தல் வாட்டர்ஸுக்குப் பின் 1951இல் அப்பாத்திரத்தை ஏற்ற ஹாட்டி, ஆறு பகுதிகளில் மட்டுமே நடிக்க முடிந்தது. நோயுற்ற அவருக்குப் பதிலாக லூயிஸ் பீவர்ஸ் நடித்தார்.

மார்பகப் புற்றுநோயால் 1952 அக்டோபர் 26 அன்று ஹாட்டி மெக்டேனியல் மறைந்தார். ஆயிரக்கணக்கானோர் இறுதி அஞ்சலி செலுத்தத் திரண்டனர். வெண்ணிறப் பேழையில், கார்டீனியா மலர்களோடு தம்மை அடக்கம் செய்ய வேண்டும் என்றும், திரைக்கலைஞர்கள் உறங்கும் ஹாலிவுட் கல்லறைத் தோட்டத்தில் தமக்கு இடம் வேண்டும் என்றும் அவர் விரும்பியிருந்தார். மலர்கள் கிடைத்தன, இடம் கிடைக்கவில்லை. அக்கல்லறைத் தோட்டம் வெள்ளையருக்கு மட்டுமே உரியது என்று கதவடைத்தது. ரோஸ்டேல் கல்லறைத் தோட்டத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். விருது விழாவின் தனிமேசை, இடுகாடு வரை அவரைத் தொடர்ந்தது.

1999இல் ஹாலிவுட் கல்லறைத் தோட்டத்தின் புதிய உரிமையாளர், அவருடைய உடலை அங்கே மாற்ற முன்வந்தார். உறவினர்கள் அதை ஏற்கவில்லை. அவர் நினைவாக அங்கே ஒரு கல் மட்டும் நாட்டப்பட்டது.

காணாமல் போன பலகை

தம் ஆஸ்கர் பலகையை வாஷிங்டனில் உள்ள ஹோவர்டு பல்கலைக்கழகத்துக்கு வழங்குமாறு ஹாட்டி உயில் எழுதியிருந்தார். விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் கல்விக்கெனத் தழைத்த நிறுவனம் அது. விருதை வழங்கிய துறையிடமோ தனியார் சேகரிப்பிலோ அது தங்குவதை அவர் விரும்பவில்லை. தம் மக்களின் பிள்ளைகள் கண்ணில் படும் இடத்தைத் தேர்ந்தெடுத்தார். நாடகத் துறையில் வைக்கப்பட்டிருந்த அப்பலகை, சில பத்தாண்டுகளுக்குள் காணாமல் போயிற்று. 2023 அக்டோபர் 1 அன்று, அதற்கு மாற்றாகப் புதிய பலகை ஒன்றை ஆஸ்கர் விருதுக் கழகம் ஹோவர்டு பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தது.

இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்ததையும் கணக்கிட வேண்டும். ஹாட்டிக்குப் பின் நடிப்புக்காக ஆஸ்கர் பெற்ற அடுத்த கறுப்பினப் பெண் ஹூப்பி கோல்டுபெர்க். அவர் விருது பெற்ற விழா நடந்த ஆண்டு 1991. இடைவெளி 51 ஆண்டுகள். சிறந்த கதாநாயகிக்கான விருதைக் கறுப்பினப் பெண் ஒருவர் பெற 2002 வரை காலம் கடந்தது; அவர் ஹாலி பெர்ரி. 2010இல் துணை நடிகைக்கான விருதை வென்ற மோனிக், கூந்தலில் கார்டீனியா மலர் சூடி மேடையேறி ஹாட்டிக்கு நன்றி செலுத்தினார். முதல் கதவு திறந்ததும் பின்னால் இருப்பவர்கள் தாமாகவே உள்ளே வந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையை இவ்வாண்டுக் கணக்கு பொய்யாக்குகிறது.

விருதுப் பட்டியல்களில் நம்மவர் பெயரைத் தேடுவது இயல்பு. அதில் மகிழ்வதும் தவறன்று. அப்பெயர் அழைக்கப்படும் நேரத்தில், அவருக்கு இருக்கை எங்கே போடப்பட்டிருக்கிறது, அவருக்குத் தரப்பட்ட வேடத்தை எழுதியவர் யார், விழா முடிந்த மறுநாள் அவர் எந்த ஊரில் எந்தத் தெருவில் வீடு வாங்க முடியும் என்பவற்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஹாட்டி மெக்டேனியல் இக்கேள்விகளைக் கட்டுரையாக எழுதவில்லை. கழிவறை வாசலில் நின்றும், சுவரோர மேசையில் அமர்ந்தும், இறுதியில் நீதிமன்றப் படியேறியும் வாழ்ந்து காட்டினார்.